ஒன்பதாவது கட்டுரையின் ஒரு சொல்

அம்மா வேலை பார்த்த துறையிலிருந்து இரங்கல் குறிப்பின் வரைவை எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு பக்கம். பிறந்த ஆண்டு, பட்டங்கள், பதவிகள். கீழே ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல்: நாற்பத்தொன்று. 'அன்னாரின் ஒன்பதாவது கட்டுரை உலகெங்கும் அறுநூற்றுப் பன்னிரண்டு முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. பிழை இருந்தால் திருத்தித் தரச் சொல்லியிருந்தார்கள்.

பிழை இருந்தது. பட்டியலில் இல்லை. அந்த ஒன்பதாவது கட்டுரைக்குள், மூன்றாம் பக்கத்தில், மேலிருந்து ஏழாவது வரியில். ஒரே ஒரு சொல். அதைத் திருத்த அம்மா இருபத்தொன்பது வருடம் முயன்றாள். முடியவில்லை. அந்தச் சொல் ஒருவனைக் கொன்றது. ஒருத்தியின் கண்ணைப் பறித்தது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அம்மாவையும் கொன்றது.

ஆலைகளில் விபத்து நடந்தால் ஏன் நடந்தது என்று கண்டுபிடித்து எழுதுவது என் தொழில். இதையும் அப்படியே, நடந்த வரிசையில் எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது.

அம்மா கரிம வேதியியல்காரி. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து, சூடாக்கி, குளிரவைத்து, வடிகட்டி, அதுவரை உலகத்தில் இல்லாத ஒரு பொருளைக் கால் ஸ்பூன் அளவுக்கு எடுத்து, அது இன்னதென்று நிரூபிப்பது அவள் வேலை. நிரூபித்தால் ஒரு கட்டுரை. வீட்டுக்கு அந்த நெடியோடுதான் வருவாள். அவள் துணியை அப்பா தனி வாளியில் போடுவார். "உங்கம்மா பக்கத்துல நின்னு தீக்குச்சி உரசாதே, குடும்பத்தோட போய்ச் சேர்ந்துடுவோம்" என்பார். பால் கெட்டுவிட்டதா என்று பார்க்கக்கூட அம்மா பாத்திரத்தில் மூக்கை வைக்க மாட்டாள். கையால் காற்றை விசிறி மூக்குப் பக்கம் தள்ளுவாள். சமையலறையில் பெயர் எழுதாத டப்பா ஒன்று கிடையாது.

எனக்கு ஏழு வயதில், விருந்தாளி ஒருவர் விட்டுப்போன பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தேன். பாட்டிலில் பெயர் இல்லை. அம்மா விட்ட அறையில் என் காது அன்று முழுக்க இரைந்துகொண்டே இருந்தது. அப்பா ஓடிவந்தார்.

"தண்ணிதானே குடிச்சா? என்னமோ கொலை பண்ணின மாதிரி அடிக்கிறே!"

"தண்ணின்னு யார் சொன்னது? பாட்டில் சொல்லுச்சா?"

அவள் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். எதற்கு அடித்தாள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

அம்மா ஆராய்ச்சிக்குச் சேர்ந்த கூடத்தின் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் இடி. கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவார். குடுவை, காகித எடைக்கல், பீங்கான் கிண்ணம், ஒரு முறை தொலைபேசி. ஒரு மாணவனுக்கு முன்பல் இரண்டு போயிருந்தது. இன்னொருவனுக்குப் புருவத்தில் ஏழு தையல். கணக்குப்படி வர வேண்டிய பொருளில் எத்தனை சதவீதம் கைக்கு வந்தது என்பதை விளைச்சல் என்பார்கள். அவர் அறைக்குள் யாராவது விளைச்சல் குறைந்த கணக்கோடு போக வேண்டியிருந்தால், முதலில் வேறொருவர் ஈரத் துணியோடு போவார். மேசையைத் துடைக்கிற சாக்கில் எடைக்கல்லையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அதற்கப்புறம்தான் கணக்கு உள்ளே போகும். அந்தத் துணிக்கு 'கேடயம்' என்று பெயர்.

உடைகிற கண்ணாடியை எல்லாம் ஒட்டிக் கொடுக்கவும் புதிதாக ஊதித் தரவும் கீழ்த்தளத்தில் ஒருவர் இருந்தார். ஊதல்காரர் என்று கூப்பிடுவார்கள். அம்மாவை அவர் டாக்டரம்மா என்பார். "மேல இடி விழுந்தா கீழ எனக்கு மழை. மாசத்துக்கு முப்பது குடுவை" என்று சொல்லிச் சிரிப்பார். இதில் பாதி விஷயம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முப்பத்தொரு வருடங்களுக்கு முன், தன் இருபத்தொன்பதாவது வயதில், அம்மா ஒரு மஞ்சள் தூளைத் தயாரித்தாள். அதை வைத்துப் பல மருந்துகளுக்கான மூலப்பொருளை ஐந்து படிக்குப் பதில் இரண்டே படியில் செய்யலாம். பெரிய விஷயம். ஆனால் அந்தத் தூளுக்கு ஒரு குணம் இருந்தது. கரைப்பானில் நனைந்து ஈரமாக இருக்கும்வரை பசு. உலர்ந்தால் வெடி. தயாரித்த முதல் வாரமே அம்மா அதைக் கண்டுகொண்டாள். உருகுநிலை பார்ப்பதற்காக ஒரு சிட்டிகை எடுத்து உலர்த்தினாள். மீதி ஒட்டியிருந்த வடிதாளைக் குப்பையில் போட மடித்தாள். மடிப்பில் வெடித்தது. புருவமும் முன்முடியும் கருகின. கட்டைவிரல் நகம் பிய்ந்துகொண்டு போனது. ஒரு சிட்டிகைகூட இல்லை, தாளில் ஒட்டியிருந்த கறை அது.

அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் வந்தது. மஞ்சள் தூள் இருக்கிற பாட்டிலின் லேபிளில் குறுக்கே ஒரு நீலக் கோடு. நீலக் கோடு என்றால் உலர விடாதே. வாரம் ஒரு முறை திறந்து கரைப்பான் ஊற்று. யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியம் இல்லை. கூடத்தில் இருந்த ஒன்பது பேருக்கும் தெரியும்.

கட்டுரையில் அம்மா எழுதியது இது: 'வடிகட்டி, ஈரமாகவே அடுத்த படிக்குப் பயன்படுத்தவும்.' ஆய்விதழின் மதிப்பீட்டாளர் அதைத் திருப்பி அனுப்பினார். ஈரத்தோடு எடை போட்டால் விளைச்சல் எத்தனை சதவீதம் என்று எப்படிச் சொல்ல முடியும்? உலர்ந்த எடை தராவிட்டால் கட்டுரையை ஏற்க முடியாது.

இடி பச்சை மைப் பேனாவை எடுத்தார். 'ஈரமாகவே' என்பதை அடித்தார். மேலே 'உலர்த்தி' என்று எழுதினார். பக்கத்தில் 'எண்பத்து நான்கு சதவீதம்'. அந்த எண், உலர்த்திய ஒரு சிட்டிகையை வைத்துப் போட்ட கணக்கு. மொத்தத்தையும் யாரும் உலர்த்திப் பார்த்ததில்லை.

"சார், இதை யாரும் உலர்த்தக் கூடாதே" என்றிருக்கிறாள் அம்மா.

"உனக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும் சார். படிக்கிறவங்களுக்கு?"

"படிக்கிறவன் என்ன குழந்தையா? இந்தத் தூளோட அமைப்பைப் பார்த்தாலே புரியும். ஈரம்னு எழுதினா எவன் மதிப்பான்? டைப் பண்ணு."

அம்மா டைப் அடித்தாள். அடித்தது அவர் பேனா, அச்சுக்கு அனுப்பியது தன் விரல்கள் என்பாள் எப்போதும். இந்த வாக்கியத்தை அவள் ஒருபோதும் தனக்குச் சாதகமாக மாற்றிச் சொன்னதில்லை.

கட்டுரை வந்தது. கொண்டாடினார்கள். அம்மாவுக்கு நிரந்தர வேலை கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து வேறொரு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அங்கே இருபத்துநாலு வயது ஆராய்ச்சி மாணவன் ஒருவன் ஒன்பதாவது கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுதியபடியே செய்திருக்கிறான். இருபத்தெட்டு கிராம். எழுதியபடியே உலர்த்தியிருக்கிறான். உலர்ந்ததைப் புனலிலிருந்து உலோகக் கரண்டியால் சுரண்டியிருக்கிறான். அந்த விபத்தின் அறிக்கை என்னிடம் இருக்கிறது. தொழில்முறையாகப் பல அறிக்கைகளைப் படித்தவள் நான். அந்த மூன்றாம் பக்கத்தை இரண்டாம் முறை படித்ததில்லை. புனலைப் பிடித்திருந்த கை மணிக்கட்டோடு போய், எதிர்ச் சுவரில் இருந்த அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. புனலின் பீங்கான் துண்டுகள் கழுத்தில் பதினொன்று. நாலு நிமிடம் உயிரோடு இருந்திருக்கிறான். அறையில் இருந்த தோழி, 'தப்பா எதுவும் பண்ணலையே, தப்பா எதுவும் பண்ணலையே' என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்ததாக வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள்.

அவன் தப்பாக எதுவும் செய்யவில்லை.

அம்மா கடிதத்தை எடுத்துக்கொண்டு இடியின் அறைக்குப் போனாள். அன்று கேடயத்தை யாரும் முன்னால் அனுப்பவில்லை. திருத்தக் குறிப்பை அவளே தயாரித்துக் கொண்டுபோயிருந்தாள். 'உலர்த்தி என்பது தவறு. ஈரமாகவே பயன்படுத்தவும். உலர்ந்தால் வெடிக்கும். விளைச்சல் விழுக்காடு கணக்கிடப்பட்டது, அளக்கப்பட்டதல்ல.' ஆய்விதழின் விதிப்படி கட்டுரையாசிரியர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"கடைசி வரி எதுக்கு?" என்று கேட்டார் இடி.

"அதுதான் சார் காரணம். அந்த நம்பருக்காகத்தானே அந்தச் சொல்லைப் போட்டோம்."

"நான் பொய் சொன்னேன்னு நானே கையெழுத்துப் போடணும்?"

"நாம சொன்னோம் சார்."

மருந்து அரைக்கிற பீங்கான் கல்வம் ஒன்று மேசையில் இருந்தது. குழவியோடு எறிந்தார். குழவி சுவரில் பட்டது. கல்வம் அம்மாவின் கழுத்தெலும்பில் பட்டு, எலும்பு முறிகிற சத்தம் வராந்தாவில் இருந்தவர்களுக்குக் கேட்டதாக ஊதல்காரர் சொன்னார். அவள் கீழே உட்கார்ந்தாள். பிறகு இடது கையால் கல்வத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் தாளையும் வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் போடவில்லை.

ஒரு மாதம் கழித்து, கை இன்னும் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கிக்கொண்டிருந்தபோது, கூடத்துக்கு ஒரு ஆள் வந்தான். லாரி ஓட்டுகிறவன். செத்துப்போன மாணவனின் அண்ணன். சட்டைப்பையில் ஒன்பதாவது கட்டுரையின் நகலை மடித்து வைத்திருந்தான். ஏழாவது வரியில் யாரோ சிவப்பில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"இதை எழுதினது யாரு?"

கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள். அம்மா திரும்பிப் பார்த்து, "நான்தான்" என்றாள்.

குடுவைகளைப் பிடித்து நிறுத்துகிற இரும்புத் தாங்கி ஒன்று மேசையில் இருந்தது. அதன் தண்டை அவன் திருகிக் கழற்றினான். கழற்ற அரை நிமிடம் ஆகியிருக்கும். மரை சுற்றிச் சுற்றி வந்தது. ஒருவரும் நகரவில்லை. அம்மாவும் நகரவில்லை. முதல் அடி இடது மணிக்கட்டில். அடுத்தது விலாவில், மூன்று எலும்பு. கீழே விழுந்த பிறகு முதுகில். மேசையில் இருந்த கண்ணாடி எல்லாம் அவள் மேல் கொட்டியது. சத்தம் கேட்டு ஊதல்காரர் மாடியேறி வந்து, தன் ஊதுகுழாயைக் குறுக்காகப் போட்டு அவன் கழுத்தை இறுக்கிப் பின்னால் இழுத்தார்.

"விடுங்க அவரை" என்றிருக்கிறாள் அம்மா, தரையிலிருந்து.

"டாக்டரம்மா, உங்களைக் கொன்னுருப்பான்!"

"விடுங்கன்னா விடுங்க. அவர் தம்பியைக் கொன்னது நான்."

குழாய் விலகியதும் அவன் திரும்ப அடிக்கவில்லை. உடைந்த கண்ணாடிமேலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மா அவனிடம் நடந்ததைச் சொன்னாள். சிட்டிகை, மதிப்பீட்டாளர், பச்சை மை, தன் விரல்கள். அவன் எல்லாவற்றையும் கேட்டான். அவனுக்குப் பாதி புரிந்திருக்காது. புரிந்ததை வைத்து ஒன்று சொன்னான்.

"எழுதினது தப்புன்னா எழுதி மாத்து. வேற எவனாவது படிச்சுட்டுச் சாகறதுக்கு முன்னாடி மாத்து."

காவலர்கள் வந்தபோது அம்மா மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னாள். "எத்தனை படி?" என்று கேட்டாராம் ஏட்டு, உடம்பைப் பார்த்துவிட்டு. "எல்லாப் படியும்" என்றாளாம்.

ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. ஒரு கையெழுத்து போதாது. கட்டுரை தவறு என்று தனியாக நிரூபிக்க முடிந்தால் புதிய கட்டுரையாக எழுதலாம். அதாவது, அந்தத் தூள் உலர்ந்தால் வெடிக்கும் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஒருவன் செத்தது ஆதாரம் இல்லை. ஒருவன் செத்தது ஒரு நிகழ்வு.

அதனால் அம்மா வெடிக்க வைத்தாள்.

வளாகத்தின் கோடியில் தண்ணீர் மோட்டார் இருந்த பழைய கொட்டகை. ஊதல்காரரும் அவளும் மணல் மூட்டை அடுக்கினார்கள். தடித்த கண்ணாடிப் பலகைகளை அவர் மூன்று அடுக்காக நிறுத்தினார். ஒரு கடுகளவு, இரண்டு கடுகளவு, அப்படி ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு ஈரத்தில் வெடிக்காது, எவ்வளவில் வெடிக்கும், எந்த உயரத்திலிருந்து எவ்வளவு எடை விழுந்தால் போதும். ஒவ்வொரு தடவையும் ஒரு வெடிப்பு. ஒன்றரை வருடத்தில் இருபத்துநாலு. கொட்டகை ஓட்டில் மீதி இருந்தது பாதி. "சாமி சத்தியமா சொல்றேன், உங்க புருஷன் கேட்டா நான் உங்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கத்தான் வந்தேன்" என்பாராம் ஊதல்காரர், காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு.

பத்தொன்பதாவது வெடிப்பில் கண்ணாடிப் பலகை மூன்றும் போயின. அம்மாவின் இடது மோதிரவிரல் நுனி போனது. இடது காது நிரந்தரமாகப் போனது. எனக்கு அப்போது ஐந்து வயது. அவள் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள் என்பது எனக்கு அவள் இயல்பாகவே பட்டது. கட்டுப் பிரித்த அன்று அப்பா அந்த விரலைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் எத்தனை பாக்கி இருக்கு?" என்று கேட்டார். "அஞ்சு" என்றாள். விரலைப் பற்றிக் கேட்டாரா வெடிப்பைப் பற்றிக் கேட்டாரா என்று அவள் யோசிக்கவில்லை.

அது பதினேழாவது கட்டுரை. இரண்டு பக்கம். முதல் ஆய்விதழ் ஏற்கவில்லை, சின்ன இதழ் ஒன்று வெளியிட்டது. வெளியான மாதமே இடி அவளை ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து இறக்கி, அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு உப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கிற கூடத்துக்கு அனுப்பினார். பதினெட்டு முதல் நாற்பத்தொன்றுவரை எல்லாம் அங்கிருந்து எழுதியவை. கைக்கு அடக்கமான, கரண்டி அளவு வேலைகள். ஒவ்வொன்றிலும் ஆபத்து பற்றிய வரி முதலில் வரும். விளைச்சல் கடைசியில்தான் வரும்.

பதினேழாவது கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் மூன்று பேர். அதில் ஒன்று அம்மா. ஒன்பதாவதைத் தேடி எடுப்பவர்களுக்குப் பதினேழாவது இருப்பதே தெரியாது. பன்னிரண்டு வருடம் கழித்து இன்னொரு நாட்டில், இன்னொரு கூடத்தில், இன்னொரு புனல். அந்தப் பெண்ணுக்கு வலது கண் போனது. அம்மா அன்று சாப்பிடவில்லை. கைக்குக் கிடைத்த தட்டைச் சுவரில் எறிந்தாள். எறிந்த கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆய்விதழுக்கு ஒரு கடிதம் எழுதுவாள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரே பதில் வரும்: மற்ற ஆசிரியரின் கையெழுத்து இணைக்கப்படவில்லை. கோப்பில் இருபத்தொன்பது கடிதங்கள் இருக்கின்றன. அதே கோப்பில், பச்சை மையில் அடித்த அந்தப் பழைய வரைவும் இருக்கிறது. பத்து வருடம் முன்னால் நான் கேட்டேன்.

"இதை அனுப்பினாலே போதுமேம்மா? அடிச்சது அவர்னு தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சுடும். நான் யோக்கியம்னும் ஆயிடும். அது பொய்."

போன மாதம் அந்தக் கட்டடத்தைக் காலி செய்தார்கள். அம்மாவுக்கு ஓய்வு பெற எட்டு வாரம் இருந்தது. மாடியில் இடியின் பூட்டிய அலமாரியை, அவர் ஓய்வு பெற்று இருபது வருடம் கழித்து, உடைத்துத் திறந்தார்கள். உள்ளே இருந்ததைக் கூடையில் அடுக்கித் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். அதே வண்டியில் கரைப்பான் கேன்கள் ஆறு. புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருத்தி ஒரு பழுப்பு பாட்டிலைப் பார்த்துவிட்டுக் கீழே அம்மாவுக்கு போன் செய்தாள்.

"மேடம், இதுல உங்க கையெழுத்து மாதிரி இருக்கு. லேபிள்ல குறுக்க ஒரு நீலக் கோடு. என்ன அர்த்தம் மேடம்?"

"கையில வச்சிருக்கியா?"

"இல்ல மேடம், வண்டியில."

"தொடாதே. பேசாம எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் கீழ இறங்கு. ஓடாதே. நட."

நாற்பது கிராம். அம்மாவைக் கீழே அனுப்பியதிலிருந்து இருபத்தேழு வருடம் யாரும் கரைப்பான் ஊற்றவில்லை. அம்மா கட்டடத்தைக் காலி செய்ய வைத்தாள். முறைப்படி தகவல் கொடுத்தாள். வெடிபொருள் பிரிவு வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்றார்கள். தீயணைப்புக்காரர்கள் பதினைந்து நிமிடத்தில் வந்தார்கள். கேன்களோடு அது ஒரே வண்டியில் இருக்கக் கூடாது, பாட்டிலை மட்டும் மணல் வாளியில் இறக்கிவிடுகிறோம் என்றார் அவர்களின் அதிகாரி. ஒரு வீரர் கையுறை போட்டுக்கொண்டு படியேறினார்.

"நீங்க நில்லுங்க. முதல்ல நனைக்கணும். மூடியில தூள் இருக்கும், திருகக் கூடாது. எனக்குத் தெரியும்" என்றிருக்கிறாள் அம்மா.

"அம்மா, இது எங்க வேலை."

"கோடு போட்டது நான்."

அது தவறான முடிவு. வேறு யாராவது செய்திருந்தால் என் அறிக்கையில் அப்படித்தான் எழுதுவேன். காத்திருக்க வேண்டும். யாரும் தொட்டிருக்கக் கூடாது. வெடிபொருள் பிரிவு ஐம்பது நிமிடத்திலேயே வந்துவிட்டது. அம்மா முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் செத்துப்போயிருந்தாள்.

உறிஞ்சுகுழாயால் கரைப்பானை மூடியின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறாள். நாலு நிமிடம். வாசலில் நின்ற வீரர் பார்த்திருக்கிறார். பிறகு இரண்டு கையாலும் எடுத்திருக்கிறாள். விரல் நுனி இல்லாத இடது கையால் அவளுக்குப் பிடிமானம் குறைவு. பாட்டில் ஒரு விரல்கடை வழுக்கியது என்றார் அவர். கீழே விழவில்லை, பிடித்துவிட்டாள். மூடிக்குள் ஏதோ உரசியிருக்கும். அந்த வீரருக்கு இரண்டு காதும் போய், முகத்தில் கண்ணாடி. உயிருக்கு ஆபத்தில்லை. என்னிடம் எழுதிக் காட்டித்தான் இதைச் சொன்னார். அம்மாவின் மோதிரத்தை எதிர்ச் சுவரில் இருந்த அலமாரிக்குப் பின்னால் எடுத்தார்கள்.

பதினாறாம் நாள், கையெழுத்துப் படிவத்தை எடுத்துக்கொண்டு இடியின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு எண்பத்தாறு. மருமகள் கதவைத் திறந்தாள்.

"கைக்கு எட்டற தூரத்துல உட்காராதீங்க" என்றாள். "வீட்டுல எல்லாம் பிளாஸ்டிக்தான். இருந்தாலும்."

அவர் என்னைப் பார்த்ததும், "அவ பொண்ணு" என்றார். நான் படிவத்தையும் பச்சை மை வரைவையும் முன்னால் வைத்தேன்.

"அவ போனதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"பாட்டிலை உங்க அலமாரியில வச்சிருந்தீங்க."

"அது சாம்பிள். சாம்பிளைத் தூக்கிப் போடுவாங்களா?"

"வாரத்துக்கு ஒரு தடவை நனைப்பாங்க."

"அது அவ வேலை."

"அவளைத்தான் நீங்க கீழ அனுப்பிட்டீங்களே. இதுல கையெழுத்துப் போடுங்க. அறுநூறு பேர் இதைப் பார்த்து வேலை செஞ்சிருக்காங்க. இன்னிக்குக்கூட எவனோ எங்கயோ உலர்த்திக்கிட்டிருக்கான்."

அவர் வரைவைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "மை என்னோடதுதான்" என்றார். பிறகு, முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய அதே குரலில் என்று நினைக்கிறேன், "ஈரத்தோட எடை போட்டா எத்தனை சதவீதம்னு எவன் சொல்லுவான்?" என்று கேட்டுவிட்டுக் கோப்பையை எறிந்தார். பிளாஸ்டிக். என் நெற்றியில் பட்டுத் தரையில் துள்ளித் துள்ளி உருண்டது. அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன்.

பிறகு அவர் வலது மணிக்கட்டைப் பிடித்தேன். விரல்களுக்கு நடுவே பேனாவைத் திணித்தேன். தோலுக்கு அடியில் இரண்டு எலும்பும் தனித்தனியாகக் கைக்குத் தட்டுப்பட்டன. அழுத்தினேன். அவர் குனிந்து என் கையைக் கடித்தார். எண்பத்தாறு வயதில் சொந்தப் பல். நான் விடவில்லை. மருமகள் பின்னாலிருந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க, செத்துப்போயிடுவார், விடுங்க!" அவர் பெயரின் ஐந்து எழுத்தும் தாளில் விழுந்த பிறகு விட்டேன். அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கு அது நன்றாக இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து படிவத்தைப் பார்த்தேன். 'இத்திருத்தத்துக்கு மனமார ஒப்புகிறேன்' என்று அச்சடித்திருந்தது. கீழே என் கை எழுதிய அவர் பெயர். என் கட்டைவிரலடியில் பல் பதிந்த இடத்திலிருந்து ரத்தம் தாளின் ஓரத்தில் பட்டிருந்தது. இதை அனுப்பினால் வேலை முடிந்தது. ஒன்பதாவது கட்டுரையில் அந்தச் சொல் போய்விடும். அதற்குப் பதிலாக, அதே இதழின் கோப்பில், உண்மையில்லாத இன்னொரு சொல் ஏறும்.

பேனாவை எடுத்துக் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'இது பலவந்தமாக வாங்கப்பட்டது. அவர் ஒப்பவில்லை. வாங்கியவள் நான்.' என் பெயர், முகவரி. அதோடு பச்சை மை வரைவையும் இருபத்தொன்பது கடிதங்களின் நகலையும் மூன்று விபத்து அறிக்கைகளையும் வைத்தேன். வரைவை அனுப்புவதில் அம்மாவுக்கு ஒப்புதல் இல்லை என்பதையும் ஒரு வரியில் சொன்னேன்.

பதினோரு நாளில் ஆய்விதழின் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. படிவத்தை ஏற்க இயலாது. நான் செய்தது குற்றம். அதைக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. சொல்லிவிட்டேன். வழக்கு நடக்கிறது. ஆனால் வரைவையும் அறிக்கைகளையும் பார்த்த பிறகு, கட்டுரையாசிரியர்களின் ஒப்புதலுக்குக் காத்திராமல் இதழே திருத்தத்தை வெளியிடுகிறது. ஒன்பதாவது கட்டுரையை எவர் எங்கே திறந்தாலும் முதலில் அதுதான் வரும். மூன்று வரி.

'மூன்றாம் பக்கம், ஏழாம் வரி: உலர்த்தி என்பது தவறு, ஈரமாகவே பயன்படுத்தவும். உலர்ந்தால் வெடிக்கும்; இருவர் இறந்துள்ளனர். கட்டுரையாசிரியர்களில் ஒருவர் இத்திருத்தத்தை இருபத்தொன்பது ஆண்டுகளாகக் கோரினார், மற்றவர் ஒப்பவில்லை.'

துறைக்கு வரைவைத் திருப்பி அனுப்பினேன். தடித்த எழுத்து வரியை அடித்துவிட்டேன். பட்டியலின் கீழே நாற்பத்திரண்டு என்று எண் போட்டு இந்த மூன்று வரியைச் சேர்த்தேன்.

ஒரு நகலை அந்த லாரிக்காரர் ஊருக்கும் அனுப்பினேன். அம்மாவின் கோப்பில் அவர் முகவரி இருந்தது. நேற்று போன் வந்தது. வயதான குரல்.

"மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு."

"அச்சுல வந்துடுச்சா? யார் எடுத்துப் பார்த்தாலும் தெரியுமா?"

"தெரியும்."

தாளைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"இதுல ரெண்டு பேர்னு போட்டிருக்கே. என் தம்பி ஒருத்தன். இன்னொருத்தர் யாரு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "சரி, அது இருக்கட்டும். போனை அம்மாகிட்ட குடு. அன்னிக்கு அடிச்சது பத்தி ஒரு வார்த்தை பேசணும்" என்றார்.

அந்த இன்னொருத்தர் யாரென்று நான் சொன்னேன்.